தலைச்சன் இல்லாத ஊர்

அகுஸ்தேனுக்கு லேசில் கோபம் வராது. ஆனால் யாராவது "ஆன் பாய்" என்று கூப்பிட்டுவிட்டால் போதும், முகம் சுருங்கிப் போகும். சைகோனிலோ அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மீன்காரி கூப்பிட்டாள், ரிக்‌ஷா இழுக்கிறவர் கூப்பிட்டார், ஆபீசில் மைக்கூடு நிரப்புகிறவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

"ஆன்" என்றால் அண்ணன். அது அவருக்குத் தெரியும். பாய் என்றால்? காரைக்காலில் மாதா கோயில் சப்பரத்துக்குத் தோள் கொடுத்த குடும்பம் அவருடையது. கழுத்தில் சிலுவை, அதுவும் சட்டைக்கு வெளியே தெரிகிற மாதிரி. இத்தனைக்குப் பிறகும் இந்த ஊர்க்காரர்கள் தன்னைத் துணிக்கடை முஸ்லிம் என்றே நினைக்கிறார்களே என்று அவருக்கு மனத்தாங்கல். பாய்மார் மேல் ஒரு குறையும் இல்லை. அந்தப் பட்டணத்தில் அவருக்கு இருந்த ஒரே கூட்டாளியே பள்ளிவாசல் பக்கம் துணிக்கடை வைத்திருந்த மஸ்தான் பாய்தான். ஆனாலும் ஒருத்தர் பேரை இன்னொருத்தர் எதற்குச் சுமக்க வேண்டும்?

"கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போறாங்க," என்பாள் அவர் மனைவி மாரி-ரோஸ். "அதனால உங்க ஞானஸ்நானம் கலைஞ்சா போச்சு?"

முதல் உலகச் சண்டை முடிந்து ஏழெட்டு வருஷம் இருக்கும், அவர் பிரெஞ்சு சர்க்காரில் எழுத்தர் வேலைக்காகக் கப்பலேறி சைகோனுக்கு வந்தபோது. கூடவே மாரி-ரோஸ், இடுப்பில் மார்கரித் என்ற பெண் குழந்தை. அவருக்குக் குண்டு குண்டான அழகான கையெழுத்து. பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். அந்தப் பிடிவாதத்தால்தான் நல்லதும் நடந்தது, வம்பும் வந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். பட்டணத்துக்கு வெளியே இருந்த ஊர்களுக்கு அந்தக் காலத்தில் ஐந்து ஆபீசுகள் ஐந்து வேலை செய்தன. கிணறு வெட்டுகிற ஆபீசு ஒரு ஊரில் வெட்டும். பள்ளிக்கூட ஆபீசு வேறொரு ஊரில் கட்டும். மருந்துக் கொட்டகை இன்னொரு ஊரில். எருமைக்கு ஊசி போடுகிற வைத்தியர் அறுப்பு நாளாகப் பார்த்து வந்து நிற்பார். விதைநெல் கொட்டாரம், நெல்லே விளையாத மேட்டில். பள்ளிக்கூடம் இருந்த ஊரில் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் எல்லாம் குடம் தூக்கப் போய்விட்டன, வாத்தியார் காலி பெஞ்சுக்குப் பாடம் சொன்னார். மருந்து இருந்த ஊரில் அதைக் கலக்குவதற்கே குளத்துச் சேற்றுத் தண்ணீர்தான்.

இந்த ஐந்து ஆபீசுக்கும் ஐந்து பட்டியல் எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோன ஒரு நாள், அகுஸ்தேன் தன் மேலதிகாரி முசே ஃபெர்னான் முன்னால் போய் நின்றார்.

"முசே, வாயை ஒரு ஊர்ல வெச்சு வயித்தை இன்னொரு ஊர்ல வெச்சிருக்கோம். அஞ்சு வேலையையும் ஒரே ஊர்ல, ஒரே நேரத்துல செஞ்சு பாக்கலாம். அஞ்சு பட்டியல் வேண்டாம், ஒரு பட்டியல் போதும். நான் எழுதுறேன்."

முசே ஃபெர்னான் கெட்டவர் இல்லை. ஆனால் யார் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற குணம். மூன்று வாரம் யோசித்துவிட்டு, சரி, ஒரு ஊரில் செய்து பார், அது தேறினால் மற்ற ஊர்களுக்கும் செய்வோம் என்றார்.

குச்சி என்ற ஊருக்குப் போகிற வழியில் பாவ் சென் என்று ஒரு ஊர். தாமரைக் குளம் என்று அர்த்தம். தாமரை எந்தக் காலத்திலோ போய்விட்டது, குளம் மட்டும் பச்சையாகக் கிடந்தது. எருமையும் அதில்தான் குளிக்கும், மனுஷரும் அதைத்தான் குடிப்பார்கள். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் கால்வாயைத் தாண்டி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். டிராம் வண்டியில் ஹொக் மோன் வரைக்கும் போய், அங்கிருந்து குதிரை வண்டியில் குலுங்கிக் குலுங்கி அகுஸ்தேன் அந்த ஊருக்குப் போனார். எட்டுத் தடவை போனார்.

போன எட்டுத் தடவையும் அவரை வழிமறித்தவள் சி ஹாய். "சி" என்றால் அக்கா. வேகவைத்த வேர்க்கடலையைக் கூடையில் வைத்து விற்கிற விதவை. அந்தக் குளத்துத் தண்ணீர் அவளுடைய இரண்டு பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிருந்தது. மூன்று மிச்சம்.

"ஆன் பாய், கிணறு எப்போ?" என்பாள், கை நிறையக் கடலையைத் திணித்துக்கொண்டே.

"வரும் அக்கா. என் பேர் அகுஸ்தேன்."

"கிணறு வரட்டும், அப்புறம் பேரைச் சொல்றேன்."

அந்தக் கடலைக்காகவே, பேர் விஷயத்தில் அவளை மட்டும் அகுஸ்தேன் மன்னித்து வைத்திருந்தார்.

இப்போது வம்புக்கு வருவோம். பள்ளிக்கூடத்துக்கு எத்தனை பெஞ்சு, மருந்து எவ்வளவு, கிணறு எவ்வளவு அகலம் எல்லாமே ஊரில் எத்தனை பிள்ளைகள் என்பதைப் பொறுத்தது. ஆகவே பிள்ளைகளை எண்ண வேண்டும். துபாஷி வேண்டுமா என்று முசே ஃபெர்னான் கேட்டார். வேண்டாம் என்று சொன்னவர் அகுஸ்தேன்தான். சந்தையில் மீன் வாங்கி வாங்கி ஆறு வரைக்கும் நம்பர் அத்துப்படி, அது போதும் என்று நினைப்பு.

வீடு வீடாகப் போய், பிள்ளைகள் பேர் என்ன என்று தாய்மாரைக் கேட்டார். சின்னப் பிள்ளையின் நிஜப் பேரை அன்னியரிடம் சொல்ல யாரும் விரும்பவில்லை. நம்பரைத்தான் சொன்னார்கள். ஹாய், பா, து, நம். இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. அடுத்த வீட்டிலும் ஹாய், பா, து. ஒரு வீட்டில் ஆறாவதையும் காட்டினார்கள். அதற்கு "சாவ்" என்று பேர். பச்சைக் குழந்தையைப் பார்த்து அந்த வார்த்தையை எழுதுவதற்கு முன் அகுஸ்தேன் சிலுவை போட்டுக்கொண்டார்.

அறுபத்தோரு வீடு முடிந்தது. பட்டியலைப் பார்த்தால் எல்லா வீட்டிலும் இரண்டாவது இருக்கிறது, மூன்றாவது இருக்கிறது. ஒரு வீட்டில்கூட முதலாவது இல்லை.

அகுஸ்தேனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. அவருக்குப் புரிந்துபோயிற்று, அல்லது புரிந்ததாக நினைத்தார். காரைக்காலிலும் இதுதானே. தலைச்சன் பிள்ளை என்றால் மந்திரவாதி கண் வைப்பான் என்று பயம். இடி இடித்தால் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அகுஸ்தேனே தலைச்சன்தான். பண்டாரம் பரதேசி யாராவது வாசலில் நின்று "மூத்த பிள்ளையாம்மா?" என்று கேட்டால் அவருடைய அம்மா, "இல்லீங்க, இது ரெண்டாவது," என்று கூசாமல் சொல்வாள். பாவம், இந்த ஊர்த் தாய்மாரும் பயந்துகொண்டு தலைச்சன்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதற்காக அந்த அறுபத்தோரு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்தில் இடம் இல்லாமல் போகலாமா?

பட்டியலின் அடியில் சிவப்பு மையால் நல்ல எண்ணத்தோடு எழுதினார்: "இவ்வூரில் அறுபத்தொரு வீடுகளிலும் முதல் பிள்ளை மறைக்கப்பட்டுள்ளது. ஆகவே அறுபத்தொரு இடம் கூட்டிக்கொள்ளவும்." கையெழுத்துப் போட்டார். பட்டியல் ஒன்றுதானே, ஐந்து ஆபீசுக்கும் அதுவே போயிற்று.

முசே ஃபெர்னான் அதில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் படித்தார். மறைக்கப்பட்டுள்ளது.

"அறுபத்தோரு பிள்ளைகளை ஒளிக்கிற ஊர், நாளைக்கு எருமையை ஒளிக்கும், விதைநெல்லை ஒளிக்கும்," என்றார். "வியாழக்கிழமை சிப்பாய்கள் போய் வீடு வீடாகத் தேடுவார்கள். ஐந்து வேலையும் வேறு ஊருக்கு."

முன்பெல்லாம் ஐந்து பட்டியல் இருந்தபோது ஒன்றில் தப்பு வந்தால் ஒரு வேலைதான் நிற்கும். இப்போது ஒரே பட்டியல். ஒரே தப்பில் ஐந்தும் நின்றன. கடப்பாரையோடு பாவ் சென்னுக்குக் கிளம்பிய கிணறு வெட்டிகளைப் பாதி வழியிலேயே திருப்பி அழைத்துவிட்டார்கள்.

அது செவ்வாய்க்கிழமை. அகுஸ்தேன் சாப்பிடாமல் நேரே மஸ்தான் கடைக்குப் போய்த் துணி மூட்டை மேல் உட்கார்ந்தார். வழியில் வேறு இரண்டு பேர் "ஆன் பாய்" என்று கூப்பிட்டிருந்தார்கள்.

"மஸ்தான் பாய், உங்களைப் பாய்னு கூப்பிட்டா நியாயம். என்னை எதுக்குய்யா இந்த சனங்க பாய்னு கூப்பிடுது?"

மஸ்தான் இருபது வருஷமாகத் துணி மூட்டையோடு அந்தக் கிராமங்களைச் சுற்றி வந்தவர். முழக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"தம்பி, ரெண்டு வருஷமா இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? அது நம்ம பாய் இல்ல. அவுக பாஷையில ஏழு. ஏழாவது அண்ணன். இங்க நம்ம ஆளுக எல்லாருமே ஏழுதான். நான் ஏழு, நீங்க ஏழு, வட்டிக்கடைச் செட்டியாரும் ஏழு."

"ஏன் ஏழு?"

"யாரு கண்டா. அவுக வீட்டு ஆளுகளை எண்ணி முடிச்சப்ப நம்ம முறை வந்திருக்கும்."

"நான் எங்க வீட்டுத் தலைச்சன். கூப்பிட்டா ஒண்ணுன்னுல்ல கூப்பிடணும்."

"ஒண்ணுன்னு இந்த ஊர்ல ஆளே கிடையாது தம்பி. தலைச்சன் பிள்ளைக்குப் பேரே ரெண்டு. ஹாய். அடுத்தது மூணு. அப்படியே கீழ எறங்கும். ஏன், என்னாச்சு? தண்ணி குடிக்கிறீகளா?"

அகுஸ்தேன் தண்ணீர் குடிக்கவில்லை. தொப்பியைக்கூட எடுக்காமல் ஆபீசுக்கு ஓடினார்.

முசே ஃபெர்னான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "ஒளித்திருக்கிறார்கள் என்று எழுதினதும் நீதான். இப்போது ஒளிக்கவில்லை என்கிறாய். மாற்றிச் சொல்ல எத்தனை வாத்து கொடுத்தார்கள்?"

"கடலை, முசே. வேகவெச்ச கடலை. அதுவும் முன்னாடியே கொடுத்தது."

அந்தப் பதிலில் இருந்த நேர்மை முசேயைக் கொஞ்சம் தொட்டிருக்க வேண்டும். "சரி. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நானே வருகிறேன். சிப்பாய்கள் ஊருக்கு வெளியே நிற்பார்கள். அறுபத்தோரு முதல் பிள்ளைகளையும் என் கண்ணுக்குக் காட்டு. ஒன்று குறைந்தாலும் சிப்பாய்கள் உள்ளே வருவார்கள், கிணறு வேறு ஊருக்குப் போகும்."

காட்டுவதற்கு என்ன, பிள்ளைகள்தான் தெருவில் ஓடிக்கொண்டிருக்கின்றனவே என்று புதன்கிழமை காலை பாவ் சென்னுக்குப் போனார் அகுஸ்தேன். தெருவில் சின்னதுகள் ஓடின. பெரியது ஒன்றைக்கூடக் காணோம். மூத்த பிள்ளைகளைத் தேடிச் சிப்பாய் வருகிறான் என்று குதிரை வண்டிக்காரர்கள் வழியாக முந்தின நாளே ஊருக்குச் செய்தி வந்துவிட்டது. தாய்மார் இருந்த இடத்திலேயே முடிவெடுத்து, தலைச்சன்களைக் கால்வாய்க்கு அக்கரையில் அண்ணன் வீடு, சித்தி வீடு என்று கடத்திவிட்டார்கள். அகுஸ்தேன் தப்பாக எழுதினது இப்போது நிஜமாகிவிட்டது.

சி ஹாய் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். அன்றைக்குக் கடலை கொடுக்கவில்லை.

"என் பிள்ளையை நான் ஒளிச்சேன்னு எழுதினியாமே."

"தப்பா எழுதிட்டேன் அக்கா. எனக்கு உங்க எண்ணிக்கை தெரியல. பிள்ளைகளைக் கூட்டி வாங்க. நாளைக்குப் பத்து மணிக்குக் காட்டிட்டு அனுப்பிடலாம். கிணறு வரும்."

"ரெண்டைக் குளத்துக்குக் கொடுத்தேன். மூத்தவளைச் சிப்பாய்க்குக் கொடுக்கச் சொல்றியா? உனக்கென்ன, உன் பிள்ளை பட்டணத்தில் மாடி வீட்டில் இருக்கு. நீ எழுதுவே, மாத்தி எழுதுவே. போ ஆன் பாய்."

அவருக்கு அந்தப் பாஷையில் தெரிந்த நூறு வார்த்தையும் தீர்ந்துவிட்டது. மத்தியானமே வீடு திரும்பி, நடந்ததையெல்லாம் மாரி-ரோஸிடம் சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒரு இடத்தில் முறத்தை நிறுத்தினாள்.

"முதல் பிள்ளைய அவங்க ரெண்டுன்னு சொல்றாங்களா?"

"ஆமா."

"உங்க அம்மா உங்களை என்னன்னு சொல்லுவாங்க?"

அகுஸ்தேன் முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டார்.

"ரெண்டாவது, ரெண்டாவதுன்னு காரைக்கால் முழுக்கச் சொல்லி வளர்த்தாங்க. வீட்டுக்குள்ளயே விடை இருந்திருக்கு, நீங்க சிவப்பு மையத் தேடிப் போயிருக்கீங்க." முறத்தை மறுபடி தட்டினாள். "அந்தம்மா சொன்னதும் நியாயந்தானே. உங்க பிள்ளை மாடியில இருக்கு. அவங்க பிள்ளை எதுக்கு வெயில்ல வந்து நிக்கணும்?"

"அப்ப என்ன செய்யச் சொல்றே?"

சைகோனுக்கு வந்ததிலிருந்து யார் கேட்டாலும், கோயில் சாமியார் கேட்டால்கூட, மார்கரித்தை "இது ரெண்டாவது" என்றே சொல்லி வந்தவள் அவள். நெற்றியோரம் கண்மை வைக்காமல் பிள்ளையை வாசலுக்கு விட்டதில்லை. அரிசியை முழுக்கப் புடைத்து, பானையில் கொட்டி, மூடியும் போட்ட பிறகு சொன்னாள்.

"நாளைக்கு நானும் வர்றேன். இவளையும் தூக்கிட்டு வர்றேன்."

"அவள் தலைச்சன், ரோஸ்."

"எனக்குத் தெரியாதா, பெத்தவளுக்கு?"

வியாழக்கிழமை விடிந்ததும் முதல் டிராமில் ஏறி, எட்டு மணிக்குள் பாவ் சென்னில் இறங்கிவிட்டார்கள். குளத்தங்கரை மூங்கில் நிழலில் மாரி-ரோஸ் பாயை விரித்தாள். மூன்று வயது மார்கரித்தை நடுவில் உட்கார வைத்தாள். கதவிடுக்கு வழியாகப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரி-ரோஸ் முந்தானையால் குழந்தையின் நெற்றியில் இருந்த கண்மையை அழுத்தித் துடைத்துவிட்டு, எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தமிழிலேயே சொன்னாள்.

"இது என் தலைச்சன்."

சி ஹாய் கூடையோடு வந்து நின்றாள். "என்ன சொல்றா?"

"ஹாய்," என்றார் அகுஸ்தேன். "இது எங்க வீட்டு ஹாய். உங்க பிள்ளைங்களோட நிக்கும். சிப்பாய் வந்தா இதையும் சேர்த்துத்தான் கேக்கணும்."

சி ஹாய் குழந்தையைப் பார்த்தாள். துடைத்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பு இருந்தது. எதற்கு வைத்த கறுப்பு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. மாரி-ரோஸைப் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்து, தன் வீட்டுப் பின்னால் இருந்த வைக்கோல் போருக்குள் கையை விட்டு ஒரு பெண்ணை வெளியே இழுத்தாள். பத்து வயது, தலையெல்லாம் வைக்கோல்.

"உக்காரு அது பக்கத்துல," என்றாள்.

"அக்கரைக்கு அனுப்பலையா அக்கா?" என்று கேட்டார் அகுஸ்தேன்.

"எனக்குத் தம்பி தங்கச்சி யாரிருக்கா அனுப்ப? வைக்கோல்தான் இருக்கு."

அதைப் பார்த்த பிறகு மற்ற வீடுகளிலும் அசைவு தெரிந்தது. ஒருத்தி நெற்குதிரைத் திறந்தாள். ஒருத்தி கால்வாய் ஓரம் நின்று கையைக் குவித்துக் குரல் கொடுத்தாள். ஒன்பது மணிக்குப் படகுகள் வரத் தொடங்கின. பெரிய பையன்களுக்கு மீசை அரும்பியிருந்தது. சின்னவை ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டிருந்தன. கடைசிப் படகு கரையில் முட்டிய அதே நேரம், முசே ஃபெர்னானின் குதிரை வண்டி மூங்கில் வேலியைத் தாண்டி வந்தது.

முசே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த வார்த்தையில் கூப்பிட்டார். "மோத்!" ஒன்று என்று அர்த்தம்.

யாரும் அசையவில்லை. முசேயின் காது சிவந்தது.

"ரெண்டுன்னு கூப்பிடுங்க, முசே," என்றார் அகுஸ்தேன்.

"ஹாய்."

"யா!" அறுபது எழுபது குரல் ஒன்றாக வந்தது. பாயில் இருந்த பிள்ளைகள் எழுந்தன. சி ஹாய் "யா" என்றாள். கைத்தடியோடு நின்ற ஊர்ப் பெரியவர் "யா" என்றார். முசே திரும்பிப் பார்த்தார்; அவரை ஏற்றிக்கொண்டு வந்த வண்டிக்காரரும் வாயில் இருந்த சுருட்டை எடுத்துவிட்டு, "யா, கூப்பிட்டீங்களா?" என்றார்.

முசே ஃபெர்னான் சிரித்ததை அகுஸ்தேன் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தார். ஆனாலும் மனுஷர் விடவில்லை. பென்சிலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினார். முடித்துவிட்டு மறுபடி எண்ணினார்.

"அறுபத்திரண்டு. ஒன்று அதிகம்."

"அது என்னுது, முசே," என்றார் அகுஸ்தேன். "கூப்பிட்டதும் அதுவும் யான்னு சொல்லிடுச்சு."

"அப்படியானால் ஒன்று என்கிற இடம் யாருக்கு?"

ஆளுக்கொரு பதில் வந்தது. பேய் ஏமாறட்டும் என்று விட்ட இடம் என்றாள் ஒருத்தி. ஊர்த் தலைவருக்கு மரியாதை என்றார் பெரியவர். முன்னோர் தெற்கே வந்தபோது வடக்கே தங்கிவிட்ட அண்ணனுக்கு என்றார் வண்டிக்காரர். "காலியா இருக்கட்டும், யாராவது வருவாங்க," என்றாள் சி ஹாய்.

முசே சிவப்பு எழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "அகுஸ்தேன், அந்தச் சிவப்பு மைப் புட்டியை நாளைக்கு என் மேஜையில் வைத்துவிடு," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அதற்கப்புறம் அகுஸ்தேன் பதினெட்டு ஊர்களில் ஐந்து வேலையையும் சேர்த்து நடத்தினார். ஒரே பட்டியல்தான், அந்தப் பிடிவாதத்தை அவர் விடவேயில்லை. ஆனால் பட்டியலை மூடுவதற்கு முன்னால் ஊர்ப் பெண்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, சத்தமாகப் படித்துக் காட்டி, அவர்கள் தலையாட்டின பிறகே கையெழுத்துப் போடுவார்.

பாவ் சென் கிணற்றை வெட்ட இருபத்துமூன்று நாள் ஆயிற்று. தண்ணீர் தெளிந்த அன்றைக்கு மாரி-ரோஸும் மார்கரித்தும்கூடப் போயிருந்தார்கள். குடத்தை இழுத்தவள் சி ஹாய். அகுஸ்தேன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, முதல் ஆளாகக் கையைக் குவித்து நீட்டினார்.

சி ஹாய் முதல் குடத்தை இழுத்து மூங்கில் வேரில் ஊற்றினாள்.

"அது யாருக்கு?" என்றார் அகுஸ்தேன்.

"அந்த ஒண்ணாவது ஆளுக்கு."

இரண்டாவது குடத்தைத் தன் மூத்தவளுக்கும் மார்கரித்துக்கும் ஊற்றினாள். இரண்டும் முட்டி மோதிக்கொண்டு குடித்தன.

"அக்கா, நானும் எங்க வீட்டுத் தலைச்சன்தான்," என்றார் அகுஸ்தேன்.

"நீ பாய். தள்ளி நில்லு."

மாரி-ரோஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது குடம் வந்தது, நாலாவது வந்தது. அகுஸ்தேன் சிலுவையைச் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொண்டு, தன் முறை வரும்வரைக்கும் வரிசையில் நின்றார். ஏழாவது குடம் அவருடையது.